அரையால் பெருக்கினால் ஏன் குறைகிறது

இன்று பின்னேரம் அண்ணாவின் சின்ன மகள் குசினியில் பசை காய்ச்சினாள். பாடசாலைக்குப் படங்கள் ஒட்ட வேண்டுமாம். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டும்போது, மாவின் பச்சை வாடை போய்ச் சற்றுக் கனத்த ஒரு வாசம் எழும்பும். அது முன் விறாந்தை வரைக்கும் வந்தது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் பேனையை மூடி வைத்துவிட்டேன். அந்த வாசத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள், டீச்சர். நான் வகுப்பறைச் சுவரில் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க, வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இந்த மாவில ரெண்டு ரொட்டி சுட்டிருக்கலாமே டீச்சர்" என்று சொன்னீர்களே, அதே குரலோடு.

நீங்கள் எங்களை விட்டுப் போய் நாலு மாதமாகிறது. செய்தி வந்தபோது நான் மட்டக்களப்பில், ஆசிரிய மாணவர்களின் பயிற்சி வகுப்பொன்றில் நின்றேன். அடுத்த நாள் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே வைத்து எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. அதை உங்களிடம் சொல்ல முடியாமல் போனதுதான் இத்தனை நாளும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்வதென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் பக்கத்தை நான் உங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை.

மாவுக்குத் தட்டுப்பாடு வந்து, பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்ற காலம் அது. எனக்கு இருபத்திநாலு வயது, முதல் நியமனம். பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் வந்து, ஆற்றங்கரையில் இறங்கி, வாகனங்களையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கடக்கும் அந்தப் பெரிய மிதவைக்காகக் காத்துநிற்பேன். 'பாதை' என்றுதான் எல்லோரும் சொல்வோம். நீங்கள் டவுனிலிருந்து வருவீர்கள். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த உங்கள் கணவர் உங்களைச் சைக்கிளில் பஸ் நிலையம் வரைக்கும் கொண்டுவந்து விடுவார். என்னைவிட ஆறு வயது மூத்தவர் நீங்கள். இருவரும் ஒரே ஏழாம் வகுப்புக்குப் படிப்பித்தோம். நீங்கள் தமிழ், நான் கணக்கு.

உங்கள் பாடத்தில் அந்த வகுப்பு சந்தைபோல இரையும். என் பாடத்தில் ஒரு சத்தமும் இராது. அதை நான் என் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் பாதையில் நிற்கும்போது, "உங்கட பாடத்தில புள்ளைகள் ஏன் இவ்வளவு அமைதியா இருக்கிறாங்க?" என்று கேட்டீர்கள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

அமைதியாக இருந்தார்களே தவிரப் படிக்கவில்லை. முதலாம் தவணைப் பரீட்சையில் வகுப்பில் பாதிப்பேர் கணக்கில் சித்தியடையவில்லை. ஆசிரியர் அறையில் மூத்த மாஸ்டர் ஒருவர், "இதுகள் இடைவேளையில குடுக்கிற பிஸ்கற்றுக்குத்தான் வருதுகள், படிக்கவெண்டு ஆர் வருகினம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது மனதில் பதிந்துபோயிற்று. பிஸ்கற்றுக்காக ஆற்றங்கரை மணலில் ஒன்றரை மைல் நடந்து வருகிற பிள்ளை, இன்னொன்றைக் கொடுத்தால் கணக்கும் செய்யும்தானே என்று யோசித்தேன்.

அப்படித்தான் அந்தப் பட்டியல் வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் சோதனை. திங்கட்கிழமை சுவரில் பெயர்ப் பட்டியல், முதலாமவரிலிருந்து கடைசி ஆள்வரை. அண்ணாவின் சிகரெட் பெட்டிகளுக்குள் இருந்த மினுங்கல் தாளை வெட்டி நட்சத்திரம் செய்து, எண்பதுக்கு மேல் எடுத்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இருக்கைகளையும் அதே ஒழுங்கில் மாற்றினேன். முதல் ஐந்துபேர் முன்வாங்கில். கடைசி ஐந்துபேர் கதவடியில்.

ஒரு மாதத்தில் புள்ளிகள் கூடின. அதை நீங்களும் மறுக்கவில்லை. தலைமை ஆசிரியர் மற்ற வகுப்பு ஆசிரியர்களைக் கூட்டிவந்து சுவரைக் காட்டினார். நான் கால் நிலத்தில் படாமல் நடந்தேன்.

பிறகு ஒரு நாள் பாதையில் நீங்கள் சொன்னீர்கள். "நேற்று மழையைப் பற்றி எழுதச் சொன்னன். ஒராள் எழும்பி, இதுக்கு நட்சத்திரம் இருக்கா டீச்சர் எண்டு கேட்டான். இல்ல எண்டன். பேனையை மூடி வெச்சிட்டான்."

"எண்டாலும் கணக்குப் படிக்கினம்தானே" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது.

"படிக்கிறாங்க. நான் இல்ல எண்டு சொல்லல்ல. எதுக்காகப் படிக்கிறாங்க எண்டு ஒருக்கா கேட்டுப் பாருங்க."

அக்கரை வரும்வரைக்கும் நாங்கள் இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீங்கள் பொறாமைப்படுகிறீர்கள் என்று நினைத்தேன், டீச்சர். இதை நான் உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

செல்வராணியையும் நஸீமாவையும் உங்களுக்கு மறக்காது. அடுத்தடுத்த வளவுக்காரப் பிள்ளைகள். முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். வரும்போதும் போகும்போதும் கதை முடியாது. என் பட்டியலில் செல்வராணி எப்போதும் முதலாவது. நஸீமா முப்பத்திநாலு பேரில் முப்பத்திமூன்றாவது, சில கிழமைகளில் முப்பத்திநாலாவது. ஒருத்தியை முன்வாங்குக்கும் மற்றவளைக் கதவடிக்கும் அனுப்பியபோது, கதைக்கிறது குறையும், நல்லது என்றுதான் நினைத்தேன். அவர்கள் வீட்டுக்கும் தனித்தனியாகப் போகத் தொடங்கினார்கள் என்பது என் கண்ணில் படவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, மணி அடிக்குமுன் ஒட்டிவிட்டுப் போன பட்டியல், நான் வகுப்புக்குள் போனபோது சுவரில் இல்லை. பசை காய்ந்த இடத்தில் நாலு மூலைத் துண்டுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. யார் கிழித்தது என்று கேட்டேன். பிள்ளைகளின் பைகளைத் திறக்கச் சொன்னேன். கதவடி வாங்கில், நஸீமாவின் பைக்குள், கிழிந்த தாள் முழுவதும் சுருட்டிக் கிடந்தது.

"நீதான் கிழிச்சனியோ?"

அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசிக்கு முதல் இடத்தில் இருக்கிற பிள்ளை, பட்டியலைப் பார்க்கச் சகிக்காமல் கிழித்திருக்கிறாள் என்று என் புத்தி உடனே கணக்குப் போட்டுவிட்டது. கையை நீட்டச் சொல்லி அடிமட்டத்தால் ஆறு அடி அடித்தேன். அவள் அழவும் இல்லை. நாலாவது அடிக்கு மட்டும் கண்ணை மூடித் திறந்தாள். முன்வாங்கில் செல்வராணி மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தாள். சிநேகிதி அடி வாங்குவதைப் பார்க்க ஏலாமல் கவிழ்த்திருக்கிறாள் என்று அதையும் பிழையாகவே விளங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் நஸீமா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு, ஆற்றங்கரைக்கு நடந்து வரும்போது நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"கிழிச்சது யாரெண்டு எனக்குத் தெரியும் டீச்சர். நஸீமா இல்ல."

"பின்ன ஆர்?"

"யாரெண்டு மட்டும் கேட்டா நான் சொல்ல மாட்டன். ஏன் எண்டும் கேக்கிறதா இருந்தா சொல்லுவன்."

நான் அந்த இடத்திலேயே நின்றேன். பாதை அக்கரையிலிருந்து புறப்பட்டுவிட்டது. சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. "ஏன்?" என்று கேட்டேன்.

செல்வராணிதான் கிழித்தாளாம். உங்கள் பாடத்தில் எழுதக் கொடுத்த கட்டுரையில் ஒரு வரியும் எழுதாமல் இருந்தவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அழுது அழுது சொல்லியிருக்கிறாள். பட்டியல் வந்த நாளிலிருந்து நஸீமா அவளோடு கதைப்பதில்லை. கூடப் போகக் கூப்பிட்டால், "நீ முன்வாங்கு, நான் கதவடி" என்று சொல்லிவிட்டு முன்னுக்கு நடந்துவிடுவாளாம். தனக்கு முதலாம் இடம் வேண்டாம், பட்டியல் இல்லாமல் போனால் அவள் கதைப்பாள் என்று நினைத்துச் செய்தாளாம். கிழிக்கும்போது நஸீமா வாசலில் நின்று கண்டுவிட்டாள். ஒன்றும் பேசாமல் நிலத்தில் கிடந்ததெல்லாம் பொறுக்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கதைக்காத சிநேகிதிக்காக அடி வாங்கியிருக்கா அந்தப் புள்ள" என்றீர்கள். என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பாதை வந்தது. நாங்கள் ஏறவில்லை. "அந்த வீடு எங்கையெண்டு தெரியுமோ?" என்று கேட்டேன். திரும்பி நடந்தோம். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லித் தருவீர்கள் என்று எதிர்பார்த்தேன். வீட்டுக்குப் போனதும் நீங்களே கதையைத் தொடங்குவீர்கள் என்றும் நினைத்தேன். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை.

நஸீமாவின் உம்மா விறாந்தையில் பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பதறி எழும்பி, "என்ன டீச்சர், இவ என்ன செய்தவ?" என்று கேட்டார். கதிரை போட்டார். நீங்கள் இருந்துகொண்டு, பாயின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தீர்கள். ஒரு சொல் வரவில்லை உங்களிடமிருந்து. நஸீமா கதவுக்குப் பின்னால் நின்றாள். நான்தான் பேச வேண்டியிருந்தது.

"அவ ஒண்டும் செய்யேல்லை. நான்தான் விசாரிக்காமல் பிழையா அடிச்சுப்போட்டன். நஸீமா, என்னை மன்னிச்சுக்கொள்ளு."

உம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "டீச்சர்மார் அடிக்கிறதுதானே, அதுக்குப் போய் இவ்வளவு தூரம் வரணுமா" என்று சொல்லிக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போனார். நஸீமா என் முகத்தை ஒருக்கால் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை அவள் வெளியே வரவில்லை. நாங்கள் எழும்பி வந்தோம். அன்று கடைசிப் பாதையில்தான் கடந்தோம். உங்கள் கணவர் தேடிக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றார்.

தலைமை ஆசிரியர் பட்டியலைத் திரும்ப ஒட்டச் சொன்னார். வட்டாரக் கல்வி அதிகாரி வரப்போகிறார், அவருக்குக் காட்ட வேண்டும் என்றார். இனி ஒட்டமாட்டேன் என்று சொன்னேன். "புள்ளி கூடினது பட்டியலாலதானே டீச்சர்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பக்கத்தில் நின்ற நீங்கள், "கூடின புள்ளியை இன்னொரு வழியில பாப்பம் சேர். ஒரு தவணை குடுங்க" என்றீர்கள். என்னோடு சேர்த்து உங்களையும் அதில் மாட்டிக்கொண்டீர்கள்.

திங்கட்கிழமை நஸீமா வந்தாள். நீங்கள்தான் பிறகு தனியே போய்ச் சமாதானம் சொல்லி வரவைத்தீர்கள் என்று நம்பினேன். கேட்டபோது, "உங்களுக்காகத்தான் வந்திருக்கா" என்றீர்கள். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறீர்கள் என்று விட்டுவிட்டேன்.

விருப்பமான இடத்தில் இருக்கலாம் என்று சொன்னேன். நஸீமா கதவடியிலேயே இருந்தாள். செல்வராணி எழும்பிப்போய்ப் பக்கத்தில் இருந்தாள். இருவரும் கதைக்கவில்லை. நட்சத்திரம் போனதும் புள்ளிகள் இறங்கின. நான் பயந்துபோனேன். கேள்வி கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை, நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறேன் என்று உங்களிடம் முறையிட்டேன்.

"ரெண்டு தவணையா அவங்களைப் பேசாம இருக்கப் பழக்கினீங்க. இப்ப உடனே பேசு எண்டா எப்பிடி? கேட்டுட்டு நில்லுங்க டீச்சர். அவங்கட நேரத்தில வரட்டும்."

நின்றேன். கிழமைக்கணக்காக நின்றேன். ஒரு நாள் பின்னப் பெருக்கம் செய்துகொண்டிருந்தோம். ஆறை அரையால் பெருக்கினால் மூன்று என்று கரும்பலகையில் எழுதினேன். விளங்கியதா என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள் என்று தெரிந்திருந்ததால், "இதில என்ன விளங்கேல்லை?" என்று கேட்டேன். வெளியே காகம் கத்தியது. கதவடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பெருக்கினாக் கூடத்தானே வேணும் டீச்சர். அரையால பெருக்கினா ஏன் குறையுது?"

நஸீமா. அந்த வருஷம் என் பாடத்தில் அவள் பேசிய முதல் வசனம் அதுதான்.

மேலே உள்ளதைப் பெருக்கு, கீழே உள்ளதைப் பெருக்கு என்று விதி சொல்லித் தந்தே வந்தவள் நான். ஏன் குறைகிறது என்று என்னிடமும் யாரும் சொன்னதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. விதியைத் திரும்பச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் முன்னால் இன்னொரு முறை பிழை விட மனம் வரவில்லை.

"எனக்கும் வடிவாச் சொல்லத் தெரியேல்லை, நஸீமா. யோசிச்சு நாளைக்குச் சொல்லுறன். நீங்களும் யோசியுங்கோ."

வகுப்பு என்னை விநோதமாகப் பார்த்தது. அன்று பாதையில் உங்களிடம் கேட்டேன். நீங்கள் கணக்கில் எனக்கு மேல் மக்கு. இருவரும் ஒரு பேப்பர்த் துண்டை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டு வந்தோம். டிக்கட் எடுக்க மறந்து கொண்டக்டரிடம் ஏச்சு வாங்கினோம்.

அடுத்த நாள் நான் வெண்கட்டியை எடுக்குமுன் செல்வராணியும் நஸீமாவும் ஒன்றாக எழும்பி நின்றார்கள். யார் சொல்வது என்று முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் நஸீமா சொன்னாள்.

"மூண்டால பெருக்கிறது எண்டா மூண்டு தரம் எடுக்கிறது. ரெண்டால எண்டா ரெண்டு தரம். ஒண்டால எண்டா ஒரு தரம், அப்ப ஆறு ஆறாவே இருக்கும். அரையால எண்டா ஒரு தரங்கூட முழுசா எடுக்கல்ல டீச்சர். அதான் குறையுது."

முதல் நாள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதைத்தான் கதைத்தார்களாம். இடைவேளையில் நான் வந்து சொன்னபோது உங்கள் கண் கலங்கியது. "ரெண்டு பேரும் ஒண்டாப் போனாங்களா?" என்றுதான் முதலில் கேட்டீர்கள்.

தவணை முடிவில் நஸீமா நாற்பத்தொன்பது எடுத்தாள். பெரிய புள்ளி இல்லை. மொத்த வகுப்பும் பட்டியல் காலத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான். தலைமை ஆசிரியருக்குத் திருப்தியில்லை. அடுத்த வருஷம் நீங்கள் டவுனுக்கு இடமாற்றம் பெற்றீர்கள், நான் அங்கேயே இன்னும் ஐந்து வருஷம் இருந்தேன்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு முற்றத்தில், மடியில் கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்தாள். முதலில் மட்டுக்கட்ட முடியவில்லை. "நான் நஸீமா, டீச்சர்" என்றாள். இருவரும் கொஞ்ச நேரம் உங்களைப் பற்றிக் கதைத்தோம். பிறகு, இத்தனை வருஷமாக நினைத்திருந்ததைக் கேட்டேன். அண்டைக்குப் பிறகு டீச்சர் வந்து என்ன சொல்லி உன்னைத் திரும்பக் கூப்பிட்டவ என்று.

"அவ வரவே இல்லையே. ஒண்டும் சொல்லல்ல. நீங்க எங்கட உம்மாக்கு முன்னால, நான் பிழையா அடிச்சுப்போட்டன் எண்டு சொன்னீங்க. டீச்சர்மாருக்கும் பிழை வரும் எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். அப்ப எனக்குப் பிழைச்சாலும் நீங்க ஏச மாட்டீங்க எண்டு நினைச்சன். அதான் வந்தனான்."

நீங்கள் உண்மையைத்தான் சொல்லியிருந்தீர்கள், டீச்சர். ஆறுதலுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, ஒன்பது வருஷம் உங்களை நம்பாமல் இருந்துவிட்டேன். அன்றைக்கு அந்த விறாந்தையில் நீங்கள் வாயே திறக்காமல் இருந்தது ஏன் என்பதும் உங்கள் முற்றத்தில் நின்றபோதுதான் விளங்கியது. நீங்கள் பேசியிருந்தால், அவள் உங்களுக்காக வந்திருப்பாள். உங்கள் பாடத்துக்கு வந்திருப்பாள்.

இப்போது நான் படிப்பிக்கிற ஆசிரிய மாணவர்கள், பிள்ளைகளுக்குப் படிப்பில் ஊக்கம் வர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டு, எழுதிக்கொள்ள ஆயத்தமாகப் பேனையைத் திறக்கிறார்கள். பாராட்டு, பரிசு, போட்டி என்று புத்தகத்தில் உள்ளதை நானும் சொல்லத்தான் வேண்டும், பரீட்சைக்கு அது வரும். சொல்லிவிட்டு, நான் ஒரு பிள்ளையைப் பிழையாக அடித்த கதையைச் சொல்கிறேன். முதல் தடவை சொல்ல வெட்கமாக இருந்தது. போன கிழமை அதைக் கேட்டுவிட்டு ஒரு பெடியன், "நீங்கள் மன்னிப்புக் கேட்டும் அவ வராமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பியள், டீச்சர்?" என்று கேட்டான்.

தெரியாது என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த பாடத்துக்கு நான் போனபோது வகுப்பில் ஏழெட்டுப்பேர் கதிரைகளை இழுத்து அவனைச் சுற்றி இருந்துகொண்டு, அதைப் பற்றியே சண்டைபோட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. புத்தகத்தை மேசையில் வைக்காமல், வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.